மைக்ரோமீட்டரும் மாரம்மாவும்

கடவுளுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி நிறுத்திவைத்த ஒரே மனிதரை எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பச்சைச் சீட்டு என்றால் சரக்கு தேறிவிட்டது. சிவப்பு என்றால் குப்பைக்கு. மஞ்சள் என்றால் இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை, ஓரமாக வை, பிறகு பார்க்கலாம். மைசூர் ஹெப்பாளில் எங்கள் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்த மைக்ரோமீட்டர், வேலையில் சேர்ந்த நாள் முதல் உலகத்தைப் படைத்தவரை மஞ்சள் சீட்டிலேயே வைத்திருந்தார். பச்சைக்கும் மாற்றவில்லை, சிவப்புக்கும் மாற்றவில்லை. இதனால் பக்தர்களுக்கும் அவர் மேல் கோபம், நாத்திகர்களுக்கும் அவர் மேல் கோபம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் பயன்படுத்தாததால் அது துருப்பிடித்துப் போயிற்று. மைக்ரோமீட்டர் என்பது தலைமுடியின் தடிமனைக்கூட அளந்துவிடுகிற ஒரு சின்னக் கருவி. மற்றவர்கள் பேனா வைத்துக்கொள்கிற சட்டைப்பையில் அவர் அதை வைத்திருப்பார். கேன்டீனில் வடை வந்தால் முதலில் அளப்பார், பிறகுதான் கடிப்பார்.

"நேத்து பதினெட்டு மில்லிமீட்டர். இன்னிக்குப் பதினாலு. மிச்ச நாலு எங்கே போச்சு?"

கேன்டீன் காண்ட்ராக்டர் அவரைப் பார்த்தால் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்தை மேடையிலேயே கழற்றச் சொல்லி அளந்து பார்த்து, "வட்டம் இல்லை ஸ்டோர்ஸ், லேசா முட்டை" என்றார். பக்கத்தில் நாதஸ்வரக்காரரின் மைக் இருந்தது. அந்த மோதிரம் இன்றும் சம்பந்தி வீட்டில் முட்டை மோதிரம் என்றே அழைக்கப்படுகிறது.

என்னை அவர் 'ஸ்டோர்ஸ்' என்றுதான் கூப்பிடுவார். அதே தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் பிரிவு. போல்ட்டும் நட்டும் எண்ணி எண்ணி, ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு விரல் நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். மருந்துக் கடை வாசலிலேயே மாத்திரைகளை எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தால், எப்படிச் சரியாக இருக்கிறது என்று கவலைப்படுவேன். எண்ணுகிறவனும் அளக்கிறவரும் எதிரெதிர் வீட்டில் குடியிருந்தோம். எங்கள் இரண்டு பேருடைய மனைவிமார்களும் சேர்ந்து உட்கார்ந்து சிரித்தே காலத்தை ஓட்டினார்கள்.

ஆயுத பூஜையில் அவர் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மைசூரில் ஆயுத பூஜை என்றால் சின்ன விஷயம் இல்லை. கம்பெனி பஸ் முதல் திருப்புளி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சேவந்தி மாலை. வாசலில் பூசணிக்காய் உடைந்து கிடக்கும், அதில் யாராவது வழுக்கி விழுவார்கள். ஒரு வருஷம் மைக்ரோமீட்டர் நேராக மேனேஜரிடம் போனார்.

"பூஜை பண்ணினா மெஷின் நல்லா ஓடும்கறீங்க. பண்ணாட்டி என்ன ஆகும்னு என்னிக்காவது பாத்திருக்கோமா சார்? ஒரே ஒரு லேத்தை விட்டுவைங்க. ஒரு வருஷம் பாக்கலாம்."

மேனேஜர் அன்று நூறு கையெழுத்துப் போட்ட களைப்பில் இருந்தார். சரி என்று சொல்லிவிட்டார். இரும்பைக் கடைகிற மெஷின் வரிசையில் கடைசியில் இருந்த லேத்துக்குப் பொட்டும் இல்லை, பூவும் இல்லை. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவைப் போல அது நின்றது.

அந்த வருஷம் மாலை போட்ட லேத்துகளில் ஒன்றுக்கு பெல்ட் அறுந்தது. இன்னொன்றுக்கு மோட்டார் புகைந்தது. பொட்டில்லாத லேத் ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகாமல் ஓடியது. மைக்ரோமீட்டர் சாப்பாட்டு மேசைக்கு வந்து, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா?"

அந்த லேத்தை ஓட்டுகிற நஞ்சுண்டன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "பாத்தோமே சார். யாருமில்லாத மெஷின்னு அம்மாவே கூட நின்னு பாத்துக்கிட்டா. அனாதைன்னா அவளுக்கு இரக்கம் ஜாஸ்தி, அல்வா?" அவனுடைய கன்னட 'அல்வா'வுக்கு 'இல்லையா' என்று அர்த்தம்.

மேசை முழுக்கத் தலையாட்டியது. அடுத்த வருஷம் ஆபரேட்டர்கள் எல்லோரும் 'என் லேத்துக்குப் பூஜை வேண்டாம், என் லேத்துக்கு வேண்டாம்' என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டு எல்லா மெஷினுக்கும் மாலை போடச் சொன்னார்.

அன்று பஸ்ஸில் மைக்ரோமீட்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பினார். "எந்தப் பக்கம் கதவைச் சாத்தினாலும் வேற பக்கமா உள்ளே வந்துடறாங்க ஸ்டோர்ஸ். இது சயன்ஸே இல்லை." கொஞ்ச தூரம் போன பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஆனா நஞ்சுண்டன் சொன்னது கேக்க நல்லா இருந்தது" என்றார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மாரம்மா கோயில் இருக்கிறது. சின்னக் கோயில்தான். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று அங்கே பூசை செய்கிறது. இப்போது பூசாரி மாதப்பன், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. மைக்ரோமீட்டரின் மனைவி கமலம் வெள்ளிக்கிழமை தவறமாட்டார். மைக்ரோமீட்டரும் தவறமாட்டார். ஆனால் உள்ளே போகமாட்டார். செருப்பு விடுகிற இடத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. அங்கிருந்து பார்த்தால் நேராகக் கருவறை தெரியும். அதில் உட்கார்ந்துகொள்வார்.

"உள்ளே வாங்க சார்" என்று யாராவது கூப்பிட்டால், "இன்ஸ்பெக்‌ஷன்காரன் வெளியிலதான் இருக்கணும், உள்ளே போனா காபி குடுத்து மடக்கிடுவாங்க" என்பார்.

பூசை முடிந்ததும் மாதப்பன் அந்தப் பெஞ்சுக்கு வந்துவிடுவார். வாதம் ஆரம்பமாகும்.

"மாதப்பா, எங்க ஃபேக்டரியில நூறு பீஸுல ரெண்டு பீஸ் கெட்டுப்போனா மேனேஜருக்கு மெமோ. உங்கம்மா ஃபேக்டரியைப் பாரு. வெள்ளம், வியாதி, ஒண்ணும் தெரியாத குழந்தைக்குக் காய்ச்சல். ஊரை அடிச்சு உலையில போடறவன் தொண்ணூறு வயசுல சொந்தப் பல்லால முறுக்கு திங்கறான். இவ்வளவு ரிஜெக்‌ஷனை வெச்சுக்கிட்டு எப்படிய்யா கம்பெனி நடத்தறா?"

மாதப்பன் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "மெஷின்ல மாட்டியிருக்கிற சாமானைப் பாதியில எடுத்து அளந்தா அளவு சரியா வருங்களா சார்? வேலை முடியட்டுங்."

மைக்ரோமீட்டர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒரு வாரம் யோசித்து, அடுத்த வெள்ளிக்கிழமை பதிலோடு வந்தார். "பாதியிலேயும் அளக்கலாம்யா. அதுக்குன்னே தனி முறை இருக்கு."

"அப்ப அளந்துக்குங்க. யாருங் வேண்டாங்கறது? அதுக்குத்தானே வாராவாரம் வர்றீங்க."

உண்டியலுக்குப் பக்கத்தில் ஃபோனில் காணிக்கை செலுத்தும் அட்டை வைத்த நாளில், மைக்ரோமீட்டர் அதைப் பெஞ்சிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். "முன்னேற்றம்தான் மாதப்பா. பணம் வந்து சேர்ந்ததுக்கு இப்ப உடனே பதில் வரும். பிரார்த்தனை வந்து சேர்ந்ததுக்கும் அந்த மாதிரி ஒரு டிங்னு சத்தம் குடுக்கச் சொல்லு, நான் நாளைக்கே மொட்டை போட்டுக்கறேன்."

இனி பூ விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் முக்கியம்.

இந்தப் பக்கத்தில் பல கோயில்களில் அம்மனிடம் உத்தரவு கேட்கிற வழக்கம் உண்டு. பெண் கொடுக்கலாமா, வீடு மாற்றலாமா என்று ஏதாவது ஒரு கேள்வியை மனதுக்குள் நினைத்துக்கொண்டு சந்நிதியில் நிற்க வேண்டும். கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அது கேட்கிறவருக்கும் அம்மனுக்கும் நடுவில் இருப்பது. பூசாரி இரண்டு சேவந்திப் பூக்களை நீரில் நனைத்து, அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டி வைப்பார். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடப்பக்கப் பூ விழுந்தால் கூடாது. அவ்வளவுதான், மேல்முறையீடு கிடையாது.

மைக்ரோமீட்டர் பெஞ்சிலிருந்து இதை வருஷக்கணக்கில் பார்த்து ஆராய்ந்து முடித்திருந்தார். "ஈரம் எவ்வளவு, பூ எவ்வளவு கனம், ஃபேன் எந்தப் பக்கம் சுத்துது, விளக்குச் சூடு எந்தத் தோள்ல படுது. இது நாலும் தெரிஞ்சாப் போதும். இதுல அம்மா எங்கே வர்றா?" என்பார். சொன்னதோடு நிற்கவில்லை. பூ ஒட்டிய உடனே பெஞ்சிலிருந்து "வலது" என்பார், வலது விழும். "இடது" என்பார், இடது விழும். பத்துக்கு எட்டு சரியாக இருந்தது, நானே எண்ணியிருக்கிறேன்.

விளைவு அவர் நினைத்தபடி இல்லை. பெண்கள் கோயிலுக்குள் போவதற்கு முன்னால் அவரிடம் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். "சார், என் பையனுக்கு வேலை கிடைக்குமா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." அவர் ஈரப்பதத்தைப் பற்றி விளக்குவார். அவர்கள் பயபக்தியோடு கேட்டுவிட்டு, போகும்போது அவர் காலடியில் ஒரு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போவார்கள்.

மாதப்பன் வருத்தப்பட்டார். "சாமி இல்லீங்கறீங்க, சரி. ஆனா அம்மாவுக்கு நேரெதிரே கடை போட்டு வியாபாரம் பண்றீங்களே சார், இது நாயமுங்களா?"

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கமலத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில், பிறகு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில். இருதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, சீக்கிரம் மாற்றிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். மைக்ரோமீட்டர் அந்தச் செயற்கை வால்வின் விட்டம் என்ன, தேய்மானம் என்ன என்று டாக்டரை அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எல்லாம் திருப்தி. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம் என்றார்.

கமலம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். வலது குடுத்தா வர்றேன். இல்லைன்னா இருக்கற வரைக்கும் வீட்லயே இருந்துட்டுப் போறேன்" என்றார்.

கமலம் அதிகம் பேசமாட்டார். பேசினால் மாற்றமாட்டார். டாக்டர் பேசிப் பார்த்தார், என் மனைவி அழுது பார்த்தாள். வெள்ளிக்கிழமை பூக் கேட்பது என்று முடிவாகிவிட்டது.

புதன்கிழமை நானும் மாதப்பனும் மைக்ரோமீட்டரைப் பெஞ்சில் பிடித்து உட்கார வைத்தோம். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

"இதுக்கு ஏன் சார் கவலை? எப்படி வெச்சா எது விழும்னு உங்களுக்குத்தான் தெரியுமே. மாதப்பன்கிட்ட சொல்லுங்க, அவர் அப்படியே வெச்சுடட்டும்" என்றேன்.

மாதப்பனும் தயாராக இருந்தார். "வலப்பக்கம் தண்ணி தொடாம வெச்சாப் போதுங்க. ரெண்டே நிமிஷத்துல வந்துரும். அக்கா உசுரு பெருசுங்க."

மைக்ரோமீட்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சாமியை நம்பறவனா, இல்லையா?"

"நம்பறனுங்க. அதனாலதான் அவ கோவிச்சுக்க மாட்டான்னு தெரியுங்."

"நான் நம்பலை. அதனால நான் செய்யமாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. நம்புகிற நாங்கள் இரண்டு பேர் அம்மனை ஏமாற்றத் தயாராக இருக்கிறோம், நம்பாத மனிதருக்கு என்ன பெரிய நியாயம் என்று கேட்டேன். பெண்டாட்டி உயிரைவிட உங்கள் பரிசோதனை பெரிதா என்றும் கேட்டுவிட்டேன்.

"சும்னிரி, ஸ்டோர்ஸ்" என்றார். பேசாமல் இரு என்பதைக் கன்னடத்தில் இவ்வளவு மெதுவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாதப்பன் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற எழுந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தது எனக்குத் தெரியும். ஐந்து வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டது. நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவருவதற்கு முந்தைய கதை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

"குழந்தை ஆஸ்பத்திரியில இருக்கறப்போ கமலம் ஓடிவந்து இங்கே பூக் கேட்டா. வலது விழுந்தது. அப்புறம் நாலு நாள் அவ சாப்பிட்டா, தூங்கினா, சிரிச்சா. குழந்தைக்குப் புதுசா கவுன்கூட வாங்கினா. அஞ்சாம் நாள் குழந்தை போயிடுத்து. அன்னிக்கு அவ விழுந்தது இருக்கே, அது பத்து மாடியிலிருந்து விழுந்த மாதிரி. எழுந்து உட்கார ரெண்டு வருஷமாச்சு."

"அது விதி சார். பூ என்ன பண்ணும்" என்றேன்.

"மாதப்பனோட அப்பா ஊருக்குத் திரும்பிப் போறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்னிக்கு அவ முகத்தைப் பாக்க முடியாம, வலப்பக்கம் தண்ணி தொடாம வெச்சாராம். நல்ல மனுஷன்தான். இரக்கப்பட்டுத்தான் செய்தார். உலகத்துல கெட்டது எப்படி வருதுன்னு நான் ஆயுசு முழுக்க மாதப்பனை நோண்டறேனே, ஒரு தடவை அது இரக்கத்துலயும் வந்துது."

நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கமலத்துக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்றது? தெரிஞ்சா அவ மனசுலேர்ந்து அந்தப் பெரியவர் போயிடுவார், அம்மாவும் போயிடுவா. ஏற்கெனவே ஒண்ணு போயாச்சு. மிச்சம் இருக்கறதையும் நானே பிடுங்கணுமா?"

பூ வெறும் பூதான் என்று ஊரெல்லாம் அளந்து காட்டிய மனிதர், அதற்கான நேரடிச் சாட்சியத்தை இத்தனை வருஷமாக மூடி வைத்திருந்தார். தெருவில் எத்தனை பேர் அவரை வாயாடி என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"இடது விழுந்தா?" என்று கேட்டேன்.

"கால்ல விழுவேன்."

"அம்மன் கால்லயா?"

"அவ கால்ல எதுக்கு விழணும்? கமலத்தோட கால்ல."

வெள்ளிக்கிழமை. கமலத்தின் விஷயம் தெருவுக்கே தெரிந்திருந்தது. கோயிலில் எங்களைத் தவிர நாற்பத்துமூன்று பேர். அன்று முதல் முறையாக மைக்ரோமீட்டர் பெஞ்சைத் தாண்டி உள்ளே வந்தார். வந்தவர் கும்பிடவில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னார். இரண்டு விளக்கும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். ஒரே அளவில் இரண்டு பூ பொறுக்கிக் கொடுத்தார். மாதப்பன் இரண்டையும் ஒன்றாகத் தண்ணீரில் முக்கி, இரண்டு தோளிலும் வைத்தார். உலகத்தில் எங்கேயும் அம்மனிடம் இவ்வளவு நேர்மையாக யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது.

கமலம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மைக்ரோமீட்டர் அவர் பக்கத்தில் நின்றார். ஃபேன் இல்லாததால் எல்லோருக்கும் வியர்த்தது. பூ இரண்டும் ஆணி அடித்த மாதிரி இருந்தன. ஒரு கிழவர் தும்மினார். அவரை அத்தனை பேரும் திரும்பி முறைத்தார்கள். "எதுங்க சார் விழும்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் பழக்கத்தில் கேட்டாள். மைக்ரோமீட்டர் பதில் சொல்லவில்லை. அவருக்கு அன்று தெரியவில்லை. தெரியக் கூடாது என்று அவரே ஏற்பாடு செய்திருந்தார்.

வலப்பக்கப் பூ லேசாக அசைந்தது. என் மனைவி என் கையைப் பிடித்தாள். அது அசைந்ததோடு சரி.

இடப்பக்கப் பூ விழுந்தது.

மாதப்பன் அம்மனைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்ததாகச் சொல்ல முடியாது. கமலம் கண்ணைத் திறந்து, கீழே கிடந்த பூவைப் பார்த்தார். மைக்ரோமீட்டர் அப்போது பேசியிருக்கலாம். ஈரம், கனம், சூடு என்று அவருக்கு மனப்பாடமான பாடம் இருந்தது. அதைச் சொல்லாமல் மெல்ல முழங்காலை மடக்கினார். பிறகு, இத்தனை வருஷமாக வணங்காத உடம்பு முழுவதையும் தரையில் நீட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

கமலம் நின்றது சந்நிதிக்கு நேர் முன்னால். ஆகவே நாற்பத்துமூன்று பேரும் பார்த்தது வேறு. "மைக்ரோமீட்டர் சார் அம்மாவுக்கு நமஸ்காரம் பண்றார்" என்று யாரோ கத்த, பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ மணியைப் பிடித்து ஆட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், அவருடைய இரண்டு கைகளும் கமலத்தின் பாதத்தைப் பிடித்திருந்ததைப் பார்த்தவர்கள் மூன்று பேர்தான். நான், என் மனைவி, மாதப்பன்.

"எழுந்திருங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் கமலம்.

அவர் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கியது.

கமலம் குனிய முடியாமல் குனிந்து அவர் தலையில் கையை வைத்தார். அம்மனை ஒரு தடவை பார்த்தார், கீழே கிடந்த மனிதரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, மாதப்பனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எதுக்கு இப்படி அழறீங்க? நான் ஆபரேஷனுக்குப் போகட்டுமான்னு கேக்கலை. ஆபரேஷன் இல்லாமலே என்னை வெச்சுக் காப்பாத்துவியான்னு கேட்டேன். மாட்டேன்னுட்டா. போய்த்தான் ஆகணும்போல இருக்கு. எழுந்திருங்க, நாள் பாக்கணும்."

மாதப்பன் அவசர அவசரமாகக் கற்பூரத்தை ஏற்றினார். "அம்மா உத்தரவு ஆயிருச்சுங்க. இனி யாரும் ஒண்ணும் பேசப்படாதுங்."

ஆபரேஷன் நடந்த அன்று மைக்ரோமீட்டரும் மாதப்பனும் நானும் ஆஸ்பத்திரியில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நான் தரையில் பதித்திருந்த கற்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மைக்ரோமீட்டர் மாதப்பன் பக்கம் சாய்ந்தார்.

"நீ தினமும் அவகிட்ட என்ன சொல்லுவே? மந்திரம் கிந்திரம் இல்லாம, நீயா சொல்றது."

"நானுங்களா? பாத்துக்க தாயின்னு சொல்லுவனுங்க."

"அவ்வளவுதானா?"

"வேற என்னங்க சொல்றது?"

"நான் ஏதோ பெரிய ஸ்பெசிஃபிகேஷன் இருக்கும்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் உதடு ஒரு தடவை அசைந்த மாதிரி இருந்தது. கொட்டாவியாகவும் இருக்கலாம். நான் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

கமலம் நன்றாக எழுந்து நடமாடினார். அவர் மறுபடி கோயிலுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமையே மைக்ரோமீட்டர் பழைய பெஞ்சுக்குத் திரும்பினார். அவர் அம்மனுக்கு விழுந்து கும்பிட்ட கதை ஹெப்பாள் முழுக்கப் பரவி, பஸ்ஸில் நஞ்சுண்டன் எனக்கே வந்து சொன்னான். மைக்ரோமீட்டர் அதை ஒருபோதும் மறுக்கவில்லை. கேட்டால், "விழுந்தது விழுந்ததுதான்" என்பார். மஞ்சள் சீட்டை மட்டும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் மாதப்பனைக் கேள்விகளால் துளைத்தார். போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் எந்தச் சிரமமும் கொடுக்கவில்லை. எந்த விளக்கமும் கொடுக்கவில்லை.

சென்ற மாதம் கமலத்தோடு தேவராஜ மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போயிருந்தேன். எதையாவது தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு இரவு தூக்கம் வராது. சேவந்திக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டுவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கு நிஜமாவே அம்மன்கிட்ட நீங்க என்ன கேட்டீங்க?"

கமலம் பூவை முகர்ந்து பார்த்துவிட்டுக் கூடையில் திரும்ப வைத்தார்.

"அவரே என்கிட்ட அதைக் கேக்கலை, அண்ணா. ஒரே ஒரு தடவை, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதுசுல, கேக்கறதுக்கு வாயைத் தொறந்தார். என் முகத்தைப் பாத்தார். அப்புறம், மாத்திரை போட்டுக்கிட்டியான்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டார்."

பூக்காரரிடம் திரும்பி நான்கு முழம் என்று சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கமலத்தைக் கோயிலுக்கு அழைத்துப் போவது நான்தான். எனக்கென்று அம்மனிடம் கேட்க நிறைய இருக்கிறது. ரத்த அழுத்தம், மருமகனின் வேலை, மொட்டைமாடியில் ஒழுகல் என்று ஒரு பட்டியலே உண்டு. சந்நிதியில் போய் நின்றால் அதெல்லாம் மறந்துவிடுகிறது. ஒன்றுதான் வாயில் வருகிறது.

அங்கே ஒருத்தர் வந்திருப்பார், தாயே. நிறையக் கேள்வி கேட்பார். சொல்கிற பதில் எதையும் லேசில் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். நல்ல மனுஷர். கொஞ்சம் பொறுமையாகப் பேசு.